அய்யாத்துரை கேட்காமல் விட்ட கேள்வி

சங்கரன்கோவிலில் சங்கரேஸ்வரி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரத்தக்கார ஈஸ்வரி என்றால் ஒருத்திதான். அவளுக்கு லேசில் கிடைக்காத ஓ நெகட்டிவ் ரத்தம். கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது ஒரு முகாமில் முதன்முதலாக ரத்தம் கொடுத்தாள். அன்றே அய்யாத்துரை அவள் நம்பரைத் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அலைகிற மனிதர்.

ஈஸ்வரி வாயில்லாப் பூச்சி. பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் ‘இறங்கணும்’ என்று சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிறவள். ரத்தம் கொடுக்க மட்டும் அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. படுத்துக்கொண்டு கையை நீட்டினால் போதும். அங்கே யாரும் அவளிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. கொடுத்து முடித்ததும் அய்யாத்துரை ஒரு துண்டைப் போர்த்திப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார். எல்லாப் போட்டோவிலும் அவள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று காலை, தான் வேலை பார்க்கிற பைக் ஷோரூமில் சர்வீஸுக்கு வந்த வண்டிகளுக்கு டோக்கன் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது.

“மக்கா, ஆஸ்பத்திரில ஒரு கேஸு. மேலநீலிதநல்லூர்ப் பிள்ள, பேரு சுமதி. நாளைக்குக் காலைல ஆபரேசன் பண்ணி பிள்ளைய எடுக்காவ. அவளுக்கும் ஓ நெகட்டிவ்தான், உடம்புல ரத்தம் கம்மியாம். ஒரு யூனிட்டு கைல இருந்தாத்தான் தைரியம்னு டாக்டரம்மா சொல்லுதாவ. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்துரு.”

“முடியாது அண்ணாச்சி.”

“லீவு தரமாட்டானா? ஒங்க மேனேஜர்ட்ட நான் பேசுதேன்.”

“அதில்ல. என்னால குடுக்க முடியாது.”

“காய்ச்சலா?”

“இல்ல.”

“மாத்திர எதும் சாப்புடுதியா?”

“இல்ல.”

“பல்லு புடுங்குனியா? மஞ்சக்காமாலை? பச்ச குத்துனியா?”

“ஐயோ, இல்ல அண்ணாச்சி.”

“பெறவு என்னட்டி கேடு?”

“முடியாது, அவ்வளவுதான்.” போனை வைத்துவிட்டாள். பொய் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். காய்ச்சலென்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் கேட்க வேண்டியதில் ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் கோவில்பட்டியில் கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணம். அங்கே கோமதிசங்கரைப் பார்த்தாள். கல்லூரியில் இரண்டு வருடம் மூத்தவன். இப்போது மருந்துக் கம்பெனியில் வேலை. அதே ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். அவள் சொல்லாமல் வைத்திருந்த பேச்சுக்குக்கூடத் தலையாட்டிக் கேட்கிறவன் போல இருந்தான். மத்தியானம் அவன் அறைக்குப் போனாள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஆசை காட்டி ஏமாற்றவும் இல்லை. அவளுக்கும் ஆசையாக இருந்தது, போனாள். அதற்காக அவள் அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை.

ஆணுறை இருக்கிறதா என்று கேட்டாள். அதைக் கேட்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது” என்றான். அந்தச் சொல்லை நம்பினாளே, தப்பு என்றால் அது ஒன்றுதான்.

முதலில் பயந்தது கர்ப்பத்துக்கு. மாத்திரை வாங்கி விழுங்கினாள். மாதவிலக்கு வந்ததும் அப்பாடா என்றிருந்தது. அந்தப் பயம் எழுந்து போன இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. பரீட்சையில் எச்.ஐ.வி. கிருமியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியவள் அவள். கிருமி அப்போது தாளோடு நின்றிருந்தது. இப்போது தொண்டை கரகரத்தால் அதுதானோ என்றிருந்தது. வேர்க்குரு வந்தால் அதுதானோ என்றிருந்தது. மூன்று நாளைக்குள் போயிருந்தால் தடுப்பு மருந்து கிடைத்திருக்கும் என்று போனில் படித்தபோது மூன்று வாரம் ஓடியிருந்தது.

கோமதிசங்கரைக் கூப்பிட்டாள்.

“நீ எப்பமாவது டெஸ்ட் எடுத்துருக்கியா?”

“என்ன டெஸ்ட்?”

சொன்னாள்.

“ஏய், என்னப் பாத்தா ஒனக்கு எப்பிடித் தெரியுது? இதுக்கு முன்னால ரெண்டு மூணு பேரு, இல்லங்கல. எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைய.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஒனக்கு ஒண்ணும் இல்லையே?”

“தெரியாது. அதான் எடுக்கப் போறேன். நீயும் எடு.”

அவன் வைத்துவிட்டான். அதன் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை. நல்ல குடும்பமாம். கிருமி ஜாதகம் பார்த்தா ஏறுகிறது?

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போய், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, யாரும் அறியாத ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்று இருந்தாள். அதற்குள் அய்யாத்துரை.

ரத்தத்தைக் கொடுத்தால் அவர்களே சோதித்துச் சொல்லிவிடுவார்களே என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். ஆனால் அவள் படித்த படிப்பு குறுக்கே நின்றது. தொற்று புதிதாக இருந்தால் சோதனைக்குத் தட்டுப்படாமல் போகலாம். தட்டுப்படாமல் போனால் அந்தப் பை நேராக சுமதியின் உடம்புக்குப் போகும். அந்த யோசனையை அங்கேயே விட்டாள்.

ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. குழுவில் ஓ நெகட்டிவ் இன்னொருவன் உண்டு. புளியங்குடி வாசிம், எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரன். அவனைக் கூப்பிட்டாள்.

“நான் போன மாசந்தான குடுத்தேன்? இப்பம் எடுக்கமாட்டாவளே.”

“ஒங்க கூடப் பொறந்தவங்க யாருக்கும் இருக்கா?”

“எங்க ராத்தா ஷாஹின் பானுவுக்கு இருக்கு. பிள்ளப்பேத்துக்குப் போனப்ப சொன்னாவ. ஆனா அவள இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கேன். நம்பரைத் தாங்க.”

அவன் அக்கா சிரித்துக்கொண்டே பேசினாள். “குடுக்க எனக்குச் சம்மதந்தான். மாமியா ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

கேட்டுவிட்டுச் சொல்லுகிறேன் என்பது வருகிறேன் என்பதாகாது. ஈஸ்வரி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு டோக்கன் போட்டாள்.

அதற்குள் அய்யாத்துரை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை பார்க்கிற சமயத்தில் ரத்தம் கொடுத்தால் பிள்ளை வெளிறிப்போகும் என்று சில வீடுகளில் தடுப்பார்கள். அவருக்கு அந்த அனுபவம் நிறைய. ஈஸ்வரிக்கு ராஜபாளையத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். ஆக, அவள் அம்மா இசக்கித்தாயின் வேலைதான் இது என்று நினைத்து, அவள் வேலை பார்க்கிற விசைத்தறிக்கூடத்துக்கே போய்விட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் காதில் விழும். கத்தினார்.

“ஏ யக்கா, ஒரு யூனிட்டு ரத்தத்துல ஒம்மவ கறுத்தா போயிருவா? மாப்ள வீட்டுக்காரன் ரத்தப் பாட்டில எண்ணியா பொண்ணெடுப்பான்? அங்கன ஒரு பிள்ளத்தாச்சி கெடக்கா!”

கூடமே திரும்பிப் பார்த்தது. இசக்கித்தாய் ரோசக்காரி. திருப்பூரில் இருக்கிற புருஷனிடம்கூட ஒரு சொல் தாங்காதவள். செய்யாத குற்றத்துக்கு ஊர் முன்னால் திட்டு வாங்கியதும், “நானே கூட்டிட்டு வாரேன், போவும்வே” என்று அவளும் கத்தினாள்.

மத்தியானம் அவள் ஷோரூமுக்கு வந்தாள். பின்னால் சுமதியின் புருஷன் துரைப்பாண்டி. முகத்தில் மழிக்காத தாடி. இரண்டு ராத்திரி தூங்காத கண்.

“ஏட்டி, நான் எப்பம்ட்டி ஒன்னய ரத்தம் குடுக்காதன்னு சொன்னேன்? தறிக்கூடமே சிரிக்கி.”

“நீ சொன்னேன்னு நான் சொல்லலம்மா.”

“அப்பம் கெளம்பு.”

துரைப்பாண்டி கும்பிட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேனேஜர் வேறு கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, “போயிட்டு வாம்மா, புண்ணியமாப் போவும்” என்றார்.

ஈஸ்வரி போனைப் பார்த்தாள். பானுவிடமிருந்து எதுவும் இல்லை.

“வாரேன்” என்றாள். எதற்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆட்டோவில் அம்மா மேனேஜரின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஈஸ்வரி காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. திருநெல்வேலி இனி வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அய்யாத்துரை நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அந்தத் துண்டு. பெஞ்சில் நோயாளிகளோடு வந்தவர்கள், தூக்குவாளியும் பையுமாக.

“வந்துட்டாள்லா எங்க பிள்ள!” என்றார். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அவரே ஒருமுறை எல்லாம் கேட்டுவிடுவது வழக்கம். உள்ளே போய் ஆள் திரும்பினால் நேரம் வீண் என்பார். “சாப்டியா? தூங்குனியா? மருந்து மாத்திர இல்ல, காய்ச்ச இல்ல. காலைலயே கேட்டுட்டேன். போ மக்கா.”

“இன்னொண்ணு கேக்கணும்லா அண்ணாச்சி?”

“என்னது?”

“பயலுவள அந்தத் தூணுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி கேப்பியள்ளா. அத எங்கிட்டயும் கேளுங்க.”

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. பையன்கள் வந்தால் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போவார். “ஏலே, எங்கயும் வெளிய கிளிய போனியா? மறைக்காம சொல்லு, ஒரு உசுரு காரியம்” என்பார். ஒன்றிரண்டு பேர் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே வீட்டுக்குப் போனதும் உண்டு. பெண்பிள்ளைகளிடம் அவர் கேட்டதே இல்லை. கேட்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தார். உள்ளே யாராவது கேட்க வாயெடுத்தால்கூட, “அதெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ள சிஸ்டர்” என்று அவரே முந்திக்கொள்வார்.

“சீ. அதெல்லாம் கேக்கப்பிடாது மக்கா.”

“கேளுங்க.”

“ஏட்டி, என்னத்தட்டி கேக்கச் சொல்லுத?” என்றாள் அம்மா.

“நீங்க கேக்கலன்னா நானே சொல்லுதேன்.” தரையைப் பார்க்கப் போன கண்ணை நிமிர்த்தி அய்யாத்துரையின் முகத்தில் வைத்தாள். “ஒன்றரை மாசத்துக்கு முந்தி நான் ஒருத்தன்கூட இருந்தேன். ஆணுறை இல்லாம. எனக்கு எச்.ஐ.வி. இருக்கா இல்லையான்னு தெரியாது. தெரியாத ரத்தத்த அந்தப் பிள்ளைக்குக் குடுக்கமாட்டேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் வராந்தாவில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அம்மா அவள் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அது கிள்ளல் இல்லை, திருகல். ஈஸ்வரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

துரைப்பாண்டிதான் முதலில் பேசினான். “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆளு பாத்துருப்பம்லா? எம் பொண்டாட்டி அங்கன கெடக்கா. இங்கன நீங்க கத சொல்லுதிய.”

“மொதல்லயே முடியாதுன்னுதான் சொன்னேன். யாரும் கேக்கல.”

பெஞ்சிலிருந்து ஒரு பெண், “படிச்ச பிள்ளையளுக்கு வந்த தைரியத்தப் பாரு. இதச் சபையில வச்சா பேசுவாவ?” என்றாள்.

“சபையிலதான யக்கா ரத்தம் கேட்டாவ” என்றாள் ஈஸ்வரி.

பதில் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றும் வரும் போலிருந்தது.

அய்யாத்துரை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “நீ வீட்டுக்குப் போ மக்கா. திருநெல்வேலில எனக்குத் தெரிஞ்ச லேப் இருக்கு. வேற பேருல எடுத்துக்கிடலாம். இங்கன எல்லாரும் ஒன்னயத் தெரிஞ்ச ஆளு.”

“ரத்தம் குடுத்தப்ப எம் பேரையும் போட்டோவையும் ஊரெல்லாம் போட்டியளே. அப்பம் இருந்த பேருதான் இப்பமும்.”

வராந்தாவின் கடைசியில், எச்.ஐ.வி. சோதனை எடுக்கிற அறைக்கு மேல், நம்பிக்கை மையம் என்று பலகை தொங்கியது. பல தடவை அதன் முன்னால் நடந்திருக்கிறாள், பலகையைப் படிக்காத மாதிரி. அங்கே போக முப்பது நாற்பது அடி இருக்கும். பெஞ்சுகளில் இருந்த தலைகள் எல்லாம் கூடவே திரும்பின. துப்பட்டா கழுத்தில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

உள்ளே ஆலோசகர் நிர்மலாதேவி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்றார். ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது.

“வெளிய நானே சொல்லிட்டு வந்துட்டேன் மேடம்.”

நிர்மலாதேவி அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார், தலைவலி எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரலில். யாருடன், எப்போது, பாதுகாப்பு இருந்ததா. உச்சுக்கொட்டவில்லை. ஒரே ஒரு தடவையில் எல்லாருக்கும் தொற்றிவிடாது, ஆனால் தொற்றாது என்றும் சொல்ல முடியாது, அதனால்தான் சோதனை என்றார். சம்மதம் கேட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். இத்தனை வருஷம் கை நீட்டியவளுக்கு இந்தச் சின்ன ஊசிதான் வலித்தது.

காத்திருந்த நேரத்தில், “இருந்துச்சுன்னா?” என்று கேட்டாள்.

“இருந்தா மருந்து இருக்கு. இங்கயே குடுக்க வழி பண்ணுவோம். ஒழுங்கா சாப்பிட்டா வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ள பெத்துக்கிடலாம். இதுக்குச் சாகுத காலமெல்லாம் போச்சு.”

முடிவு வந்தது. இப்போதைக்கு எதுவும் காட்டவில்லை. ஆனால் முழுசாக நம்புவதற்கு, அந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழிந்ததும் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அதுவரை ரத்தம் கொடுக்கக் கூடாது.

“அந்தப் பையனையும் எடுக்கச் சொல்லும்மா.”

“சொல்லிட்டேன் மேடம். அவன் நல்ல குடும்பமாம்.”

நிர்மலாதேவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பைக் நின்றது. வாசிம் ஓட்டி வந்திருந்தான். பின்னாலிருந்து இறங்கியவள் புர்காவைச் சரிசெய்துகொண்டே நேராக அய்யாத்துரையிடம் போனாள். ஷாஹின் பானு. மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், கேட்டுவிட்டு நேரே கிளம்பியே வந்துவிட்டாள்.

அய்யாத்துரை அவளிடம் காய்ச்சல் கேட்டார். மாத்திரை கேட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்டார். பிறகு தூரத்தில் நின்ற ஈஸ்வரியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“யம்மா, தப்பா எடுத்துக்கிடப்பிடாது. எல்லார்ட்டயும் கேக்கதுதான். வந்து... ஒங்க ஊட்டுக்காரரத் தவிர... இல்ல, ஒங்க ஊட்டுக்காரரு வெளிய...”

“எதும் தொடுப்பு இருக்கான்னுதான கேக்கிய? எனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. அவரு இருக்க பயத்துக்கு எலுமிச்சம்பழத்தக்கூட ரெண்டு தடவ கழுவுவாரு. இதுக்காண்டியா இம்புட்டு வேர்க்கி?”

வராந்தா சிரித்தது. துரைப்பாண்டியும் சிரித்துவிட்டான். பானு உள்ளே போனாள். அவள் பின்னாலேயே போன துரைப்பாண்டி பாதியில் நின்று திரும்பி ஈஸ்வரியைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

அம்மா வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

“யாருட்டி அவன்?”

“அது முடிஞ்சுபோச்சும்மா.”

“ஒன்னயக் கெட்டிக்கிடுவானா?”

“அவன் கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவேன்.”

“ராஜபாளையத்துக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“ரெண்டு மாசம் பொறுத்து வரச் சொல்லு. வரும்போது அந்த மாப்ளையயும் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லு.”

“கோட்டிக்காரி” என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உள்ள என்ன சொன்னாவ?”

“இப்பம் இல்லன்னு சொன்னாவ. இன்னொரு தடவ பாக்கணும்.”

அம்மா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். நகர்ந்து இடம் விடவில்லை. ஈஸ்வரி ஏறக் கால் வைத்தபோது கையில் போன் அதிர்ந்தது. குழுவிலிருந்து அவளை அய்யாத்துரை நீக்கியிருந்தார்.

காலை எடுத்தாள். “நீ போம்மா, நான் வாரேன்.” மறுபடியும் வராந்தாவுக்கு நடந்தாள்.

“என்னய எதுக்கு அண்ணாச்சி எடுத்திய?”

அவர் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “ஒன் நல்லதுக்குத்தான் மக்கா. ரத்தம் கேட்டு எவனாவது போன் போடுவான். நீ இல்லம்ப. ஏன்னு கேப்பான்.”

“திரும்பச் சேருங்க. எம் பேருக்கு நேரா ரெண்டு மாசத்துக்கு இல்லைன்னு போடுங்க.”

“அதுக்குப் பெறவு?”

“டாக்டர் குடுக்கலாம்னா குடுப்பேன். கூடாதுன்னா மாத்திரையத் தின்னுட்டு இதே ஊருல வேலைக்குப் போவேன். ஆளு தேட ஒங்களுக்கு ஒத்தாசை பண்ணுவேன். இன்னிக்கு பானுவக் கண்டுபிடிச்சது யாரு?”

அவர் உள்ளே பார்த்தார். பானு படுத்திருந்த கட்டிலின் கால் மட்டும் தெரிந்தது.

“காரணம் கேப்பானுவளே மக்கா. நான் என்னன்னு சொல்ல?”

“நீங்க ஒண்ணும் சொல்லாதிய. எங்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. நான் சொல்லிக்கிடுதேன்.”

அய்யாத்துரை கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலால் திரையைத் தள்ளித் தள்ளி அவள் பெயரைத் தேட ஆரம்பித்தார். ஊரில் சங்கரேஸ்வரிகள் நிறைய, நேரம் ஆனது. அவர் சேர்த்து முடிக்கிற வரைக்கும் அவள் அங்கிருந்து நகரவில்லை.